புத்தக ஊரில் ஒரு பிணம்: கோஸி மர்ம நாவல்கள் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றி வருவது ஏன்?

1921 அக்டோபர் 26ஆம் தேதி மாலை. இங்கிலாந்தும் வேல்ஸும் சந்திக்கும் எல்லையில் உள்ள ஹே-ஆன்-வை என்ற சின்ன ஊரில், ஒரு வழக்கறிஞர் இன்னொரு வழக்கறிஞரை வீட்டுக்கு டீ சாப்பிட அழைத்தார். அழைத்தவர் மேஜர் ஹெர்பர்ட் ரௌஸ் ஆம்ஸ்ட்ராங். வந்தவர் ஆஸ்வால்ட் மார்ட்டின். இருவருடைய அலுவலகமும் ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தன. ஒரு நில விற்பனை விஷயத்தில் இருவருக்கும் உரசல் வேறு. ஆம்ஸ்ட்ராங் வெண்ணெய் தடவிய ஸ்கோன் ஒன்றைக் கையாலேயே எடுத்து, கையால் கொடுப்பதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு நீட்டினார். வீடு திரும்பிய மார்ட்டின் அன்றிரவே கடும் வாந்தியில் விழுந்தார்.

மார்ட்டினின் மாமனார் அதே ஊரில் மருந்துக் கடை வைத்திருந்தவர். ஆம்ஸ்ட்ராங் தன்னிடம் ஆர்சனிக் வாங்கிப் போனது அவருக்குத் தெரியும். தோட்டத்தில் களை அழிக்க என்று காரணம் சொல்லியிருந்தார். சில வாரங்களுக்கு முன் அனுப்பியவர் பெயரில்லாமல் மார்ட்டின் வீட்டுக்குத் தபாலில் வந்த சாக்லேட் பெட்டியும், அதைச் சாப்பிட்ட விருந்தாளிக்கு உடம்பு முடியாமல் போனதும் இப்போது ஞாபகத்துக்கு வந்தன. மார்ட்டினின் சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள், ஆர்சனிக் இருந்தது. போலீஸ் சத்தம் காட்டாமல் விசாரித்துக்கொண்டிருந்த அந்த வாரங்களில், ஆம்ஸ்ட்ராங் எதிர் அலுவலகத்திலிருந்து மறுபடி மறுபடி டீக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். மார்ட்டின் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்தார்.

டிசம்பர் 31 அன்று ஆம்ஸ்ட்ராங் கைதானார். அந்த ஆண்டு பிப்ரவரியில் இறந்துபோயிருந்த அவருடைய மனைவியின் உடலைத் தோண்டி எடுத்துப் பார்த்தபோது அதிலும் ஆர்சனிக். 1922 மே 31 அன்று தூக்கு. பிரிட்டனில் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ஒரே சொலிசிட்டர் அவர்தான். பல பத்தாண்டுகள் கழித்து, அதே அலுவலகத்தில் வேலை பார்த்து அதே வீட்டில் குடியிருந்த இன்னொரு சொலிசிட்டர், ஆம்ஸ்ட்ராங் நிரபராதி என்று வாதிட்டு ஒரு புத்தகமே எழுதினார்.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர், டீ, விஷம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்கும் ஒரு கடைக்காரர். கோஸி மர்ம நாவல் என்று இன்று விற்கிற வகைக்கு வேண்டிய அத்தனையும் இந்த வழக்கில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்து இதே ஹே-ஆன்-வைதான் உலகத்தின் முதல் புத்தக ஊர், அதாவது பழைய புத்தகக் கடைகளை வைத்தே பிழைக்கும் ஊர் ஆனது என்பது தற்செயல். ஆனால் சிற்றூர்க் கொலையையும் புத்தகக் கடைத் தெருவையும் பிற்பாடு நாவலாசிரியர்கள் ஒன்று சேர்த்தது தற்செயல் அல்ல. அழகான பின்னணி வேண்டும் என்பதற்காக மட்டும் அவர்கள் அதைச் செய்யவில்லை. கோஸி நாவல் பிறந்ததிலிருந்தே அதை நச்சரித்துவரும் சில தொழில்நுட்பச் சிக்கல்களுக்குப் புத்தக ஊர் விடை தருகிறது.

கோஸி என்றால் என்ன? அமெரிக்காவில் ‘மாலிஸ் டொமஸ்டிக்’ என்ற அமைப்பு 1989 முதல் ஆண்டுதோறும் மாநாடு நடத்தி, அகதா கிறிஸ்டியின் பெயரால் விருது கொடுக்கிறது. விருதுப் பொருள் ஒரு டீ பாட். வெளிப்படையான பாலுறவுக் காட்சி கூடாது, அளவு மீறிய ரத்தம் கூடாது, தேவையற்ற வன்முறை கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் வரையறை. இதோடு வாசகர்கள் தாங்களாகவே எதிர்பார்ப்பது இன்னும் சில உண்டு: துப்பறிகிறவர் போலீஸாக இருக்கக் கூடாது, ஊர் சின்னதாக இருக்க வேண்டும், கடைசிப் பக்கத்தில் ஊர் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். 1930ல் கிறிஸ்டியின் துப்பறிவாளர் மிஸ் மார்பிள் முதல் நாவலில் வந்தபோதே இந்தச் சட்டகம் ஏறக்குறைய முழுமையாகிவிட்டது. கல்யாணமாகாத ஒரு வயதான பெண், பின்னல் ஊசி, ஜன்னல் வழியே தெரியும் தெரு. தன் ஊர்க்காரர்கள் எப்படிப் பொய் சொல்வார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

சிக்கலும் அங்கேயேதான் ஆரம்பிக்கிறது. சின்ன ஊர் என்றால் ஆட்கள் குறைவு. ஒரு நாவலுக்கு ஒருவரைக் கொன்று ஒருவரைச் சிறைக்கு அனுப்பினால், தொடர் பத்தாவது புத்தகத்தை எட்டும்போது ஊரில் யார் மிஞ்சுவார்கள்? 1984 முதல் 1996 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு தொடரில் மெய்ன் மாநிலத்துக் கற்பனை மீனவ ஊரான கேபட் கோவில் அடிக்கடி பிணம் விழுந்தது. அந்த ஊரின் கொலை விகிதம் பற்றிய நகைச்சுவை இன்றுவரை ஓயவில்லை. சின்ன ஊரில் கொலைகள் நம்ப முடியாத அளவுக்குப் பெருகும் கதைகளுக்கு ‘கேபட் கோவ் நோய்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். இரண்டாவது சிக்கல்: துப்பறிகிறவர் சாதாரண ஆள். போலீஸுக்குத் தெரியாத எது அவருக்குத் தெரியும்? மூன்றாவது: ரத்தம் காட்டக் கூடாது, போதைப் பொருள் கும்பலும் வேண்டாம் என்றால், ஒரு மனிதர் இன்னொருவரைக் கொல்வதற்குக் காரணம் எங்கிருந்து வரும்? சொத்துத் தகராறு, பழைய காதல், பொறாமை. இவற்றை எத்தனை முறைதான் சுழற்றுவது?

இந்த மூன்றுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைத்ததை ஹே-ஆன்-வையின் கதையைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

ரிச்சர்ட் பூத் என்ற இளைஞர் 1960களின் தொடக்கத்தில் அந்த ஊரின் பழைய தீயணைப்பு நிலையத்தில் பழைய புத்தகக் கடை போட்டார். ரயில் நின்றுபோய், விவசாயம் தளர்ந்து, ஊரின் இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலம். அமெரிக்காவில் மூடப்பட்ட நூலகங்களிலிருந்து புத்தகங்களை மொத்தமாக வாங்கிக் கப்பலில் ஏற்றிவந்தார். சினிமாக் கொட்டகை புத்தகக் கடை ஆனது. கோட்டை புத்தகக் கடை ஆனது. மற்றவர்களும் வந்து கடை போட்டார்கள். 1977 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தினமாகப் பார்த்து, ஹே ஒரு தனி நாடு என்றும் தானே அதன் அரசர் என்றும் பூத் அறிவித்தார். தன் குதிரையைப் பிரதமர் ஆக்கினார். பட்டங்களை விலைக்கு விற்றார். பத்திரிகைகள் ஓடிவந்தன, பின்னாலேயே சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். கிறுக்குத்தனம் மாதிரி தெரியும். ஆனால் கணக்குப் பார்த்துச் செய்த கிறுக்குத்தனம் அது. 2019ல் பூத் இறந்தபோது உலகெங்கும் அந்த மாதிரியைப் பின்பற்றிய ஊர்கள் பல இருந்தன.

பெல்ஜியத்தின் ரெடு 1984ல் புத்தக ஊர் ஆனது. நார்வேயில் பனிப்பாறைகளின் அடிவாரத்தில் இருக்கும் ஃபியர்லாண்டில் பழைய தொழுவங்களில்கூட அலமாரி வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் விக்டவுனில் பால் பதனிடும் ஆலையும் விஸ்கி ஆலையும் மூடிப்போய் ஊர் படுத்துவிட்ட நிலையில், 1998ல் போட்டி போட்டுத் தேசியப் புத்தக ஊர் என்ற பட்டத்தை வாங்கினார்கள். ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே கதைதான். ஊரின் பிழைப்பு போகிறது, காலிக் கட்டடங்கள் மலிவாகக் கிடைக்கின்றன, யாரோ ஒருவர் புத்தகம் என்கிறார்.

ஒரு மர்ம நாவலாசிரியரின் கண்ணோடு இதைப் பாருங்கள். சின்ன ஊர்தான், ஆனால் தினம் புது முகங்கள் வந்து போகின்றன. கொலையானவர் வெளியூர்க்காரராக இருக்கலாம், கொலையாளியும் அப்படியே. ஊர்க்காரர்களைத் தீர்த்துக் கட்டாமலேயே பத்துப் பதினைந்து நாவல் ஓட்டலாம். கூடவே, அந்நியர்கள் மேல் ஊர் வைத்திருக்கும் இரட்டை மனநிலையும் கிடைக்கிறது: அவர்கள் பணம் வேண்டும், அவர்கள் வேண்டாம். ஒரு பிணம் விழுந்தால் துக்கத்தைவிடப் பெரிய கவலை, வார இறுதி வியாபாரம். கொலையை அமுக்கப் பார்ப்பவர், ஊரைப் புத்தக ஊராக்கிய பெருமையைத் தன் தலையில் சூடிக்கொண்டிருக்கும் உள்ளூர்ப் பெரிய மனிதர். இப்படிப் பொருளாதாரத்திலிருந்தே ஒரு சந்தேக நபர் பிறந்துவிடுகிறார்.

இந்த வகையில் மிகவும் பெயர் வாங்கியது அமெரிக்காவில் லோர்னா பாரெட் என்ற புனைபெயரில் வரும் ‘புக்டவுன்’ வரிசை. முதல் நாவல் 2008ல் வந்தது. நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் ஸ்டோன்ஹாம் என்ற கற்பனை ஊர், ஹே-ஆன்-வையைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொண்ட ஊர். நாயகி ட்ரிஷியா அங்கே மர்ம நாவல்கள் மட்டுமே விற்கும் கடை நடத்துகிறாள். கடைப் பூனையின் பெயர் மிஸ் மார்பிள். பக்கத்துச் சமையல் புத்தகக் கடைக்காரி கத்திக்குத்துப் பட்டுக் கிடக்கிறாள். அவள் கடையிலிருந்த அரிய சமையல் புத்தகம் ஒன்றைக் காணோம். இதற்கு மேல் சொன்னால் படிக்கப் போகிறவர்களுக்குத் துரோகம். ஆனால் முதல் அடியே சரியான இடத்தில் விழுந்திருப்பதைக் கவனியுங்கள். கொலைக்குக் காரணம் தேடி இருட்டான கடந்த காலத்துக்குள் போக வேண்டியதில்லை. அலமாரியில் இருந்த ஒரு பொருள் போதும்.

அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டிலேயே அச்சான முதல் சமையல் புத்தகம் எனப்படுவது 1796ல் ஹார்ட்ஃபோர்டில் வந்தது. அமீலியா சிம்மன்ஸ் எழுதியது, 47 பக்கம். அடுக்களையில் எண்ணெய்க் கறையோடு கிடந்து கிழிந்து போவதற்காகவே அச்சிட்ட சின்னப் பிரசுரம். அதனாலேயே பிரதிகள் மிச்சமில்லை, அதனாலேயே விலை. வீட்டைக் காலி செய்கிறவருக்கு அது குப்பை, விவரம் தெரிந்தவருக்குப் பல ஆண்டு வருமானம். இந்த இடைவெளிதான் பழைய புத்தக வியாபாரத்தின் உயிர். புத்தக ஊர்க் கொலை நாவலின் உயிரும் அதுதான் என்பேன்.

இன்னும் நுணுக்கமான உதாரணம் வேண்டுமானால், 1925ல் வெளிவந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’யின் முதல் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். 205ஆம் பக்கத்தில் ஒரு அச்சுப் பிழை இருந்தால் அது முதல் அச்சு. ஆனால் பெரிய பணம் உள்ளே இல்லை, மேலுறையில் இருக்கிறது. மேலுறையின் பின்பக்கத்தில் ஜே கேட்ஸ்பி என்ற பெயரின் முதல் எழுத்து தவறுதலாகச் சின்ன எழுத்தில் அச்சாகிவிட்டது. அதைப் பல பிரதிகளில் மையால் கையாலேயே பெரிய எழுத்தாகத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தோடு, நல்ல நிலையில் உள்ள மேலுறை சுற்றிய பிரதி 1 லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போயிருக்கிறது. மேலுறை இல்லாவிட்டால் அதே புத்தகம் அதில் சின்ன பங்குதான். ஒரு காகிதத் தாளைக் கழற்றி இன்னொரு புத்தகத்துக்குப் போட்டுவிட முடியும் என்பதை யோசித்துப் பாருங்கள். கொலைக்குக் காரணம், கொலையாளியின் தந்திரம், மாட்டிக்கொள்ளும் தடயம் மூன்றும் ஒரே தாளில் வந்துவிட்டன. இதைக் கண்டுபிடிக்கத் துப்பாக்கி வைத்திருக்கும் இன்ஸ்பெக்டரால் முடியாது. நாள் முழுக்க முதல் வெற்றுத் தாளின் மூலையில் பென்சிலால் விலை எழுதிக்கொண்டிருக்கும் கடைக்காரியால் முடியும். சாதாரண ஆளுக்கு ஏன் போலீஸைவிட அதிகம் தெரிகிறது என்ற கேள்வியும் தீர்ந்தது.

புத்தகமே சாட்சி சொல்லும் என்பது நாவலாசிரியர்களின் கற்பனை அல்ல. அதற்கு ஒரு நிஜமான முன்மாதிரி உண்டு. புனைவில் வந்த எந்தப் புத்தகக் கடைத் துப்பறிவாளரையும்விட எனக்கு அது பிடிக்கும்.

தாமஸ் ஜே. வைஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் மிகப் பெரிய புத்தகச் சேகரிப்பாளர்களில் ஒருவர். நூல்விவரப் பட்டியல்கள் எழுதியவர், மற்ற சேகரிப்பாளர்களுக்கு வழிகாட்டி. ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் பிரவுனிங்கின் காதல் சானெட்டுகள் (பதினான்கு வரிக் கவிதைகள்) 1850ல்தான் வெளியாயின என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, ‘ரெடிங், 1847’ என்று அச்சிட்ட ஒரு சின்னப் பிரசுரம் சந்தையில் தென்பட்டது. நண்பர்களுக்காகத் தனிப்பட்ட முறையில் அச்சிட்டது என்றார்கள். சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுத்தார்கள்.

ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகளுக்கு ஏதோ உறுத்தியது. முதல் உறுத்தல், இல்லாத ஒன்றைப் பற்றியது. நண்பர்களுக்காக அச்சிட்ட பிரசுரம் என்றால், கவிஞர் கையெழுத்திட்டு யாருக்காவது கொடுத்த ஒரு பிரதியாவது எங்காவது இருக்க வேண்டுமே? ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்துக் கடிதம் எதிலும் பேச்சில்லை. கிடைத்த பிரதிகளோ யாரும் பிரித்தே படிக்காதவை மாதிரிப் புத்தம் புதிதாக இருந்தன. அப்புறம் காகிதத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். அதில் ரசாயன முறையில் பிரித்த மரக்கூழ் இருந்தது. இங்கிலாந்தில் அப்படிப்பட்ட காகிதம் 1874க்கு முன் புழக்கத்திலேயே இல்லை. எழுத்துருவையும் பார்த்தார்கள், சில எழுத்துகளின் வடிவம் 1880க்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட அச்சகம் வார்த்த எழுத்துகளோடு பொருந்தியது. இந்தத் தடயங்களைக் கொண்டு டஜன் கணக்கான பிரசுரங்களின் சாயம் வெளுத்தது. 1934ல் அவர்கள் வெளியிட்ட புத்தகம் வைஸை நேரடியாகக் குற்றவாளி என்று சொல்லவே இல்லை. ஆதாரத்தை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொண்டது. படித்தவர்களுக்குப் புரிந்தது. வைஸ் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 1937ல் செத்துப்போனார். பின்னர் 1950களில் இன்னொன்றும் வெளியானது: பழைய நாடகப் புத்தகங்களில் குறையும் பக்கங்களை நிரப்ப, பிரிட்டிஷ் மியூசியத்தின் பிரதிகளிலிருந்தே தாள்களைக் கிழித்திருக்கிறார்.

இதில் பிணம் மட்டும்தான் இல்லை.

பிணமும் உள்ள நிஜ வழக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தால் கோஸி நாவல் எதை ஒதுக்கிவைக்கிறது என்று விளங்கும். 1985 அக்டோபரில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் மார்க் ஹாஃப்மன் என்ற அரிய ஆவண வியாபாரி குழாய் வெடிகுண்டுகள் வைத்து இரண்டு பேரைக் கொன்றான். தான் போலியாகத் தயாரித்த ஆவணங்கள் பற்றிய உண்மை வெளிவரும் நாளைத் தள்ளிப்போட வேண்டும் என்பதுதான் நோக்கம். மறுநாள் மூன்றாவது குண்டு அவன் காரிலேயே வெடித்து அவனே காயப்பட்டான். அவன் தயாரித்த மையைச் செயற்கையாகப் பழசாக்கியதால் நுண்ணோக்கியில் அதன் பரப்பில் வெடிப்புகள் தெரிந்தன. நிபுணர்கள் அதை வைத்துப் பிடித்தார்கள். காரணமும் தடயமும் கோஸி நாவலுக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் இறந்தவர்களில் ஒருவர் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பெண். விசாரணையைத் திசைதிருப்ப அவர் வீட்டு வாசலில் பொட்டலம் வைக்கப்பட்டது. இந்த விவரம் எந்தக் கோஸி நாவலாலும் தாங்க முடியாத விவரம். கோஸியில் சாகிறவர் பெரும்பாலும் ஊரே வெறுக்கும் ஆசாமியாக இருப்பார். வாடகையை ஏற்றியவர், மிரட்டிப் பணம் பறித்தவர், கடையை விலைக்குக் கேட்டு நச்சரித்தவர். அவர் சாவுக்கு யாரும் நீண்ட நேரம் அழ வேண்டியிருக்காது. இது ஒரு சலுகை. அந்தச் சலுகை இல்லாமல் இந்த வகையே நிற்காது என்பதையும் ஒப்புக்கொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒதுக்கிவைக்கும் இன்னொரு விஷயம் வேலை. புத்தக ஊர் நாவலில் கடைக்காரிக்குக் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டுச் சந்தேக நபரைப் பார்க்கப் போக எப்போதும் நேரம் இருக்கிறது. நிஜத்தில் பழைய புத்தகக் கடை என்பது மூட்டை தூக்குவது. இறந்தவர் வீட்டுக்குப் போய், விற்கவே விற்காத கலைக்களஞ்சிய வரிசைகளுக்கும் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கும் நடுவே நின்று, ‘இதெல்லாம் ரொம்ப விலைமதிப்பானது’ என்று சொல்லும் உறவினரிடம் பக்குவமாக மறுப்பது. ஈரம், பூஞ்சை, முதுகுவலி. டெக்சாஸில் ஆர்ச்சர் சிட்டி என்ற தன் சொந்த ஊரைப் புத்தக ஊராக மாற்றிய நாவலாசிரியர் லாரி மக்மர்ட்ரி, 2012ல் ஏறத்தாழ 3 லட்சம் புத்தகங்களை ஏலத்தில் தள்ளினார். வாரிசுகளுக்கு அந்தப் பாரம் வேண்டாம் என்று நினைத்தார். இந்தச் சலிப்பைக் கொஞ்சமாவது உள்ளே விடுகிற நாவல்கள் எனக்குக் கூடுதலாக நம்பும்படி இருக்கின்றன. கொலையாளி பின்கதவு வழியாக வருவதை விட, நாற்பது பெட்டிப் புத்தகத்தை யார் மாடிக்குத் தூக்கினார்கள் என்ற கேள்வி நல்ல தடயம்.

சிலவற்றை நாவலாசிரியர்கள் ஏன் இன்னும் போதுமான அளவு எடுத்தாளவில்லை என்று தோன்றும். விக்டோரியா காலத்தில் புத்தக அட்டைத் துணிக்குப் பளிச்சென்ற மரகதப் பச்சை நிறம் கொடுக்கத் தாமிரமும் ஆர்சனிக்கும் கலந்த நிறமியைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவின் விண்டர்தர் அருங்காட்சியகமும் டெலவேர் பல்கலைக்கழகமும் 2019ல் ஒரு திட்டம் தொடங்கி, அப்படிப்பட்ட அட்டைகளைத் தேடிப் பட்டியலிட்டு வருகின்றன. கையுறை போட்டுக்கொண்டு தொடவும், தனியாகப் பையில் வைத்து மூடவும் நூலகங்களுக்கு அறிவுறுத்துகிறார்கள். அதாவது ஒரு பழைய புத்தகக் கடையின் அலமாரியில் விஷம் சட்டப்படியே உட்கார்ந்திருக்கலாம். கடைக்காரரின் விரலில் ஆர்சனிக் இருந்தால் அது அவர் கொலைகாரர் என்பதற்கு ஆதாரமா, பச்சை அட்டைக்காரர் என்பதற்கு ஆதாரமா? ஆம்ஸ்ட்ராங்கின் வக்கீலுக்கு இது கிடைத்திருந்தால் சும்மா விட்டிருப்பாரா!

சரி, எல்லாப் புத்தகக் கடை மர்ம நாவலும் இப்படிப் புத்தகத்தைத் தடயமாக்குகிறதா? இல்லை. பாதிக்கு மேல் பூனை, கேக், ஜன்னலோரத்து நாற்காலி என்பதோடு நின்றுவிடும்; புத்தகத்தை எடுத்துவிட்டுக் கம்பளி நூல் கடை வைத்தாலும் கதை ஒரு வரி மாறாது. இதற்கு வியாபாரக் காரணம் இருக்கிறது. 1990களிலிருந்து அமெரிக்கப் பதிப்பகங்கள் மலிவு விலைப் பேப்பர்பேக்காக வரிசை வரிசையாகக் கோஸி வெளியிட்டன. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தொழில் அல்லது பொழுதுபோக்கு வேண்டும்: டீக்கடை, சீஸ், பூ வேலை, நாய் வளர்ப்பு, பின்னல். தலைப்பில் அந்தத் தொழில் சார்ந்த ஒரு சிலேடை, அட்டையில் ஒரு பூனை. இந்தப் பட்டியலில் புத்தகக் கடை நிச்சயமாக விற்கும் சரக்கு, ஏனென்றால் வாங்குகிறவர் எப்படியும் புத்தகப் பிரியர்தான். இதை முன்கூட்டியே புரிந்துகொண்டவர் கேரலின் ஹார்ட். 1987ல் தொடங்கிய அவருடைய வரிசையில் தென் கரோலினா கடலோரத் தீவில் ஒரு மர்ம நாவல் கடை. அந்தக் கடைச் சுவரில் ஓவியங்கள் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மர்ம நாவலின் காட்சி. எந்த நாவல் என்று கண்டுபிடிக்கும் வாடிக்கையாளருக்குப் பரிசு. வாசகரையும் அந்தப் போட்டியில் சேர்த்துவிடுகிற தந்திரம் அது. கொலையாளியைத் தவறவிட்டாலும் ஓவியத்தையாவது கண்டுபிடித்தேன் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

கொலையே வேண்டாம் என்று முடிவெடுத்த மரபும் உண்டு. ஜப்பானில் என் மிகாமி 2011ல் தொடங்கிய ‘பிப்லியா’ பழைய புத்தகக் கடை வரிசை, கமகுரா நகரத்தில் நடப்பது. ஒரு புத்தகத்தில் எழுதியிருக்கும் பெயர், ஒருவர் தன் புத்தகத்தை ஏன் விற்க வந்தார், ஏன் திரும்பக் கேட்கிறார். இப்படிப்பட்ட புதிர்களே பெரும்பாலும். லட்சக்கணக்கில் விற்றது. நாவலின் மையம் புத்தகம் என்றால் பிணம் அவசியமில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை. மேற்கத்திய வாசகர் மட்டும் இன்னும் பிணத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இன்று இந்த வகை எதிர்கொள்ளும் உண்மையான இடைஞ்சல் வேறு: இணையம். 1996ல் ஏப்புக்ஸ் போன்ற தளங்கள் வந்த பிறகு, எந்தப் பழைய புத்தகத்தின் விலையையும் யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்த்துவிடலாம். வீட்டைக் காலி செய்யும் பேரனும் பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறான். குப்பைக்கும் பொக்கிஷத்துக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. அதோடு அதை நம்பிய கொலைக் காரணமும் நோஞ்சான் ஆகிவிட்டது. புதிய நாவல்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, இணையத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரதி இல்லாத பொருள்களுக்கு நகர்வது: ஆசிரியர் யாருக்கோ எழுதிக்கொடுத்த பிரதி, ஓரத்துக் குறிப்புகள், அட்டையின் உள்ளே ஒட்டியிருந்த கடிதம், ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. அப்படிப்பட்ட பொருள் கதையில் வந்தவுடன் அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறும் கூடவே வர வேண்டியிருக்கிறது. கதைக்கு அது லாபம்தான். பழைய புத்தகத்தின் கைமாறிய வரலாற்றைத் தேடுவதும் கொலையைத் துப்புத் துலக்குவதும் கிட்டத்தட்ட ஒரே வேலை.

விக்டவுனில் ‘தி ஓபன் புக்’ என்று ஒரு கடை இருக்கிறது. மாடியில் தங்கிக்கொண்டு, கீழே உள்ள புத்தகக் கடையை விடுமுறைக்கு வருகிறவர்களே நடத்தலாம். வாடகையும் அவர்களே கொடுக்க வேண்டும். பணம் கொடுத்து வேலை பார்க்கிறார்கள். அதற்குக் காத்திருப்போர் வரிசையும் நீளம். ஹே கோட்டை வளாகத்திலோ திறந்தவெளியில் அலமாரிகள். கடைக்காரரே கிடையாது, விரும்பிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெட்டியில் காசு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இப்படி ஒருவரை ஒருவர் நம்பி வாழும் ஊர் ஒன்று எங்கோ இருக்கிறது என்ற ஆசைதான் இந்த நாவல்களை விற்கிறது. கொலை அந்த ஊருக்குள் நுழைய ஒரு சீட்டு. அதனால்தான் வாசகர்கள் கொலையாளியின் பெயரை மறந்துவிட்டு, எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு நாவலும் தனியாக நிற்கும் என்று அட்டையில் சொல்வார்கள், ஆனாலும் முதல் புத்தகத்திலிருந்தே வரிசையாகப் படியுங்கள். நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டு அப்புறம் பின்னால் போனால், முதல் நாவலில் சிரித்துப் பேசிக்கொண்டு ஒரு கடைக்காரர் வருவார். ஐந்தாவது நாவலில் அவர் கடை வேறு யார் கையிலோ இருந்தது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒன்று அவர்தான் பிணம், இல்லையென்றால் அவர்தான் கொலையாளி.